641001-ஆ, 638001-ஆ?

கோயம்புத்தூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 641001, ஈரோட்டினுடையது 638001. சின்ன வயதில் அப்புச்சிக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் கட்டத்துக்குள் நிரப்பிய எண்கள்தான். பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

641001 = 3 × 43 × 4969. அவ்வளவுதான். மொத்தக் காரணிகள் எட்டே எட்டு. 43 வரை பொறுமையாக வகுத்துக்கொண்டே போனால்தான் பிடிபடும்.

638001 அப்படி இல்லை: 3 × 3 × 7 × 13 × 19 × 41. மொத்தம் 48 காரணிகள்! மனக்கணக்கிலேயே பாதி உடைந்துவிடும். இலக்கங்களைக் கூட்டினால் 18, அதனால் 9-ஆல் மீதியின்றி வகுபடும். அப்புறம், 1001 = 7 × 11 × 13 என்பதால், முதல் மூன்று இலக்கத்திலிருந்து கடைசி மூன்றைக் கழித்துப் பார்க்கலாம்; கிடைப்பதை 7, 11, 13-இல் எது வகுக்கிறதோ, அது முழு எண்ணையும் வகுக்கும். 638-இல் 1 போனால் 637. அது 7 × 7 × 13. ஆக 7-ம் 13-ம் உள்ளே இருப்பது உறுதி. கோவை எண்ணில் இதே கழித்தல் 640 தரும். 7, 11, 13 மூன்றுமே வகுக்காது.

ஒன்று மட்டும் கோவைக்காகச் சொல்ல வேண்டும். அதன் முதல் பாதியான 641 ஒரு பகா எண். 4294967297 பகா எண் இல்லை என்று கணித மேதை ஆய்லர் 1732-இல் காட்டியது இந்த 641-ஆல் வகுத்துத்தான்.

இருந்தாலும், பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்தல் சொல்லித்தர நான் எடுப்பது ஈரோட்டு எண்ணைத்தான். ஒவ்வொரு வகுத்தலிலும் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைக்க மாட்டார்கள்.