1965–66 மஸ்டாங்: கே கோடா, ஜிடியா, போனி இன்டீரியரா?

முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் அபூர்வமான வண்டி அல்ல. 1965 மாடல் ஆண்டில் 6,80,989, அடுத்த ஆண்டில் 6,07,568 வண்டிகள் வெளிவந்தன. அப்படியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மஸ்டாங்குகளுக்கு இடையே விலை பல மடங்கு வேறுபடுகிறது. அதற்குக் காரணம் ஆர்டர் படிவத்தில் முதல் உரிமையாளர் எதையெல்லாம் கேட்டு வாங்கினார் என்பதுதான். அறிமுக விலை ஹார்ட்டாப்புக்கு (மடக்காத நிலையான கூரையுள்ள இரண்டு கதவு வடிவம்) 2,368 டாலர். அதன் மேல் ஏறிய ஆப்ஷன்கள்தான் இன்று மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், இந்த ஆப்ஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று புது உதிரிபாகம் கிடைக்கிறது. 1967 முதலான வண்டிகளுக்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், வண்டி எந்த ஆப்ஷன்களோடு வெளிவந்தது என்று அந்தப் பதிவுகளிலிருந்து சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிவிடலாம். 1965, 66 வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. வண்டியின் இரும்பில் இருக்கிற ஆதாரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆகவே கே கோடு இன்ஜின், ஜிடி தொகுப்பு, போனி இன்டீரியர் என்ற மூன்று பெரிய ஆப்ஷன்களையும், ஓட்டும் சுகத்தோடு சேர்த்து, எதை எவ்வளவு நிரூபிக்க முடியும் என்ற கணக்கிலும் எடைபோட வேண்டும்.

கே கோடு: எண்ணிலேயே எழுதியிருக்கும் ஆப்ஷன்

சேஸிஸ் எண்ணின் ஐந்தாவது இடத்தில் இருப்பது இன்ஜின் எழுத்து. 1965-66 வண்டிகளில் டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி என்றால் இரட்டை பேரல் கார்ப்யூரேட்டருடன் 200 குதிரைத்திறன் தரும் 289 கன அங்குல வி8. ஏ என்றால் அதே 289, நான்கு பேரலுடன் 225 குதிரைத்திறன். கே என்றால் 271 குதிரைத்திறன். கே-க்கு அன்றைய கூடுதல் விலை 442.60 டாலர். சாலிட் லிஃப்டர் (வால்வைத் தூக்கும், தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளாத உறுப்பு), 10.5-க்கு 1 கம்ப்ரெஷன், வேக்குவம் அட்வான்ஸ் இல்லாத இரட்டை பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர், 9 அங்குலப் பின் ஆக்சில் எல்லாம் இதோடு வரும். 1965-ல் நான்கு கியர் மேனுவல் மட்டுமே. ஆட்டோமேட்டிக் 1966-ல்தான் சேர்ந்தது. ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் இதற்குக் கிடையாது. தொழிற்சாலை ஏசி போட்ட கே கோடு என்று யாராவது விற்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

முன் ஃபெண்டரில் இருக்கும் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ பட்டையை யாரும் வாங்கி ஒட்டலாம். அதை நம்பக் கூடாது. பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க ஃபெண்டரின் மேல் விளிம்பில் உள்ள வெட்டு வழியாக உள் ஏப்ரனில் (இன்ஜின் அறையின் பக்கச் சுவர்த் தகடு) குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள். எழுத்துகளைச் சுற்றி வெல்டு தையல், சாணை பிடித்த தடம், பெயின்ட்டின் தடிமன் மாற்றம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கதவில் ரிவெட் அடித்த தகடு அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் அந்தத் தகட்டையும் புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள். ஏப்ரனில் இருப்பதுதான் முதல் சாட்சி.

பின் ஆக்சிலை அடையாளம் காண எளிய வழி உண்டு. ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் உருளையின் முன்பக்க நட்டுகள் எல்லாவற்றிலும் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் அது 8 அங்குலம். கீழே உள்ள நட்டுகளில் சாக்கெட் உட்காராமல் ஸ்பேனர்தான் போகிறது என்றால் 9 அங்குலம்.

ஓட்டுவதற்கு? சாலிட் லிஃப்டர் என்பதால் வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிபார்த்தே ஆக வேண்டும். உயர்தரப் பெட்ரோல் இல்லாவிட்டால் இன்ஜின் தட்டும். ஃபோர்டே இதற்கு 90 நாள் அல்லது 4,000 மைல் உத்தரவாதம்தான் தந்தது. தினமும் எடுக்கிற வண்டி இதுவல்ல. ஆனால் காசு போட்டால் மதிப்பு குறையாமல் நிற்பதில் இதற்கு நிகர் இந்த வரிசையில் இல்லை.

ஜிடி: விரும்பப்படுவது அதிகம், ஆதாரம் குறைவு

ஜிடி எக்விப்மென்ட் குரூப் 1965 ஏப்ரலில்தான் வந்தது, விலை 165.03 டாலர். ஏ அல்லது கே இன்ஜினோடு மட்டுமே கொடுத்தார்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், கிரில்லுக்குள் இரண்டு ஃபாக் விளக்கு, பின் வேலன்ஸ் (பம்பருக்குக் கீழே உள்ள தகடு) வழியாக வெளிவரும் இரட்டை எக்ஸாஸ்ட், கடினமான ஸ்பிரிங்கும் தடித்த முன் ஆன்டி-ரோல் பாரும், வேகமான ஸ்டீயரிங் விகிதம், கீழ்ப்பக்கக் கோடுகள், ஐந்து வட்ட மீட்டர் பலகை. அந்த விலைக்கு இத்தனை பயனுள்ள உறுப்புகளை ஃபோர்டு வேறெந்தப் பட்டியலிலும் தரவில்லை. ஓட்டத்தில் ஏ கோடு ஜிடிதான் என் தேர்வு: கே-யின் பராமரிப்புத் தொல்லை இல்லை, சி-யின் மந்தமும் இல்லை.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. ஜிடி என்று சொல்லும் எழுத்து சேஸிஸ் எண்ணிலும் கிடையாது, கதவுத் தகட்டிலும் கிடையாது. கோடும் ஃபாக் விளக்கும் வாங்கி எந்த மஸ்டாங்கையும் ஒரு வார இறுதியில் ஜிடி ஆக்கிவிடலாம். எண்ணில் சி இருந்தாலே அது அசல் ஜிடி இல்லை. டி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏ இருந்தால் மட்டும் கீழே படுத்துப் பார்க்கும் வேலை தொடங்குகிறது.

பின் ஃபிரேம் ரெயில்களில் எக்ஸாஸ்ட் தொங்கிகள் பூட்டும் இடத்தில், தொழிற்சாலை வெல்டு செய்த வலுவூட்டுத் தகடுகள் இருக்க வேண்டும். பின்னாளில் மாற்றியவர்கள் பெரும்பாலும் ரெயிலில் துளைபோட்டு ஸ்க்ரூ அடித்துவிடுவார்கள். ஸ்பாட் வெல்டு வட்டங்கள் இருக்காது. வேலன்ஸ் துளையின் விளிம்பு அச்சில் வெட்டியதுபோல் மழமழப்பாக இருக்கிறதா, கையால் வெட்டிய நெளிவு தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் நான்கு பிஸ்டன் கெல்சி-ஹேஸ் கேலிப்பராக, பூஸ்டர் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளிலும் பவர் பிரேக் டிரம்முக்கு மட்டுமே. ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரும் பூஸ்டரும் இருந்தால் பாதுகாப்புக்கு நல்லது, அசல் அல்ல. பின்பக்கக் குவார்ட்டர் பேனலில் காற்றுத்துளை போன்ற அலங்காரத் துண்டு ஜிடியில் இருக்காது. அதை எடுத்த இடத்தில் அடைத்த துளைகள் தெரிந்தால் அது மாற்றிய வண்டி. 1966-ல் ஐந்து வட்ட மீட்டர் எல்லா மஸ்டாங்குக்கும் வந்துவிட்டது என்பதால் அந்த ஆண்டில் அது எதையும் நிரூபிக்காது.

போனி இன்டீரியரும் சொகுசு ஆப்ஷன்களும்

இன்டீரியர் டெகோர் குரூப் என்பதுதான் அதன் முறையான பெயர், 107.08 டாலர். இருக்கையின் முதுகில் ஓடும் குதிரைகள், மரத்தோற்றப் பலகை, கதவோடு சேர்ந்த கைத்தாங்கி. இதற்கு ஆதாரம் கதவுத் தகட்டில் இருக்கிறது: ஹார்ட்டாப் 65பி, ஃபாஸ்ட்பேக் (கூரை பின்புறம் வரை சரியும் வடிவம்) 63பி, கன்வர்டிபிள் (கூரையை மடக்கும் வடிவம்) 76பி. ஏ என்று முடிந்தால் சாதா உள்ளலங்காரம். தகடு மாற்றக்கூடியது என்பதால் இது கே-யின் எண்ணைவிடப் பலவீனமான, ஜிடியைவிடப் பலமான சாட்சி.

தொழிற்சாலை ஏசிக்கு அன்று 283.20 டாலர், டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டிதான். வெப்பமான ஊரில் பயன்படும், விலையை ஓரளவு தூக்கும். ராலி-பேக் எனும் டேக்கோ (இன்ஜின் சுழல்வேக மீட்டர்)-கடிகார ஜோடிக்கு நல்ல கிராக்கி. கே வண்டிக்கு 8,000 ஆர்பிஎம் வரை காட்டும் டேக்கோ, மற்ற வி8-க்கு 6,000. முன்பக்க பெஞ்சு சீட் உண்மையிலேயே அரிது. ஆனால் அதைத் தேடி வருபவர்களும் அரிது. அரிதாக இருப்பதால் மட்டும் எதற்கும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

உடல் வடிவம்

ஃபாஸ்ட்பேக் 1966-ல் 35,698 மட்டுமே வந்தது, ஹார்ட்டாப்போ 4,99,751. அதனால்தான் ஹார்ட்டாப்பை வெட்டி ஃபாஸ்ட்பேக் ஆக்குகிறார்கள். எண்ணின் மூன்றாம், நான்காம் இலக்கம் 07 ஹார்ட்டாப், 08 கன்வர்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். கன்வர்டிபிளில் டார்க் பாக்ஸும் (தரையை வலுவூட்டும் பெட்டி) உள் ராக்கரும் (கதவுக்குக் கீழே உள்ள உத்தரம்) துருப்பிடித்திருந்தால் கதவு இடைவெளி மேலே குறுகி, கீழே விரியும். எந்த வடிவமானாலும் முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள கவுல் (காற்று உள்ளே வரும் பெட்டி) துவாரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே கால்மிதிக்கு வந்தால் அந்தப் பழுதைப் பார்க்க ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து முழுக் கவுலையும் கழற்ற வேண்டும்.

டி கோடு வண்டியில் யாரோ வி8 போட்டிருந்தால் சக்கரத்தைப் பாருங்கள். நான்கு போல்ட் என்றால் ஆறு சிலிண்டரின் சிறிய ஸ்பிண்டிலும் 9 அங்குல டிரம்மும் இன்னும் அப்படியே இருக்கின்றன; ஐந்து போல்ட் அச்சுகளுக்கு மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

என் வரிசை: முதலீட்டுக்குக் கே கோடு ஃபாஸ்ட்பேக், ஓட்டுவதற்கு, ஃபிரேம் ரெயில் தகடுகளோடு வரும் ஏ கோடு ஜிடி, குடும்பத்தோடு போக 65பி தகடுள்ள சி கோடு, ஏசியோடு. ரெயில் தகடுகள் இல்லாத ‘ஜிடி’ நல்ல வண்டியாகவே இருக்கலாம். அதற்கு ஏ கோடு விலை கொடுங்கள், கோடுகளுக்கும் விளக்குகளுக்கும் உதிரிபாக விலையை மட்டும் சேருங்கள்.