பிரஷர் வாஷ்: தரை காய்வதற்கு முன்பு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டு வாசலையும் சுற்றுச்சுவரையும் பிரஷர் வாஷ் செய்து, அதாவது உயரழுத்தத் தண்ணீர்த் தாரையால் கழுவி, தருவதாகச் சொல்பவர்களிடம் வேலையை ஒப்படைக்க எண்ணியிருப்பவர்கள், தரை நன்றாகக் காய்ந்த பிறகே மீதித் தொகை என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ஈரமாக இருக்கும்போது சிமென்ட் தளம் முழுவதும் ஒரே கருஞ்சாம்பல் நிறத்தில்தான் தெரியும்; கோடு, வடு, அரிப்பு எதுவும் கண்ணில் படாது. என் வீட்டில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் வடிவதற்குள் தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஒப்புக்கொண்ட வேலை பெரிதல்ல. வாகனம் நிறுத்தும் சிமென்ட் தளம், பேவர் பிளாக் பதித்த நடைபாதை, சுண்ணாம்புக்கல் படிகள், வெளிச்சுவரின் கீழ்ப்பகுதி, ஒரு மரப் பெஞ்சு ஆகிய எல்லாவற்றிலும் பாசி படிந்திருந்தது. பேசும்போது ஒவ்வொரு பரப்புக்கும் அதற்கேற்ற அழுத்தம், அதற்கேற்ற மருந்து என்று நிறுவனத்தார் விளக்கமாகச் சொன்னார்கள். வேலைக்கு வந்தவர்களிடம் இருந்ததோ ஒரே இயந்திரம், தண்ணீரைப் பீய்ச்சும் ஒரே துப்பாக்கி, பெயர் ஒட்டாத ஒரு கேன். துப்பாக்கியின் நுனியில் மாட்டும் நாசில், அதாவது தண்ணீர் வெளியேறும் முனை, கடைசிவரை மாற்றப்படவே இல்லை. வேலையின் நடுவே நான் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றிலும் துப்பாக்கியின் முனையில் சிவப்பு நிற நாசில்தான் இருக்கிறது.

அந்தச் சிவப்பு நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு. நாசிலின் நிறம், நீர் எவ்வளவு அகலமாக விரிந்து வெளியேறுகிறது என்பதைக் குறிக்கும். சிவப்பு 0 பாகை, அதாவது விரியாமல் ஊசியாகப் பாயும் தாரை. மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 பாகை. கறுப்பு, சோப்புக் கரைசலைக் குறைந்த அழுத்தத்தில் தெளிப்பதற்கானது. பெட்ரோலில் ஓடும் தொழில்முறை இயந்திரங்கள் 3000 பிஎஸ்ஐ அளவுக்கு, அதாவது 200 பார் அளவுக்கு, அழுத்தம் தரக்கூடியவை. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். அவ்வளவு அழுத்தத்தையும் ஒரே புள்ளியில் குவித்து, முனையைத் தரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பிடித்தால், பாசியோடு சேர்ந்து தரையும் பெயரும். பரந்த தளங்களுக்கென்று ‘சர்ஃபேஸ் கிளீனர்’ என்ற வட்டமான மூடிக் கருவி இருக்கிறது. அதற்குள் சுழலும் கம்பியில் உள்ள நாசில்கள் தரையிலிருந்து எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதால் கோடு விழாமல் சீராகச் சுத்தமாகும். அதை வந்தவர்கள் கொண்டுவரவே இல்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் தளத்தின் உண்மை நிலை தெரிந்தது. துப்பாக்கியை இடமும் வலமுமாக வீசிய கையின் போக்கு, அரைவட்டம் அரைவட்டமாக, பென்சில் தடிமனில் வெளிறிய கோடுகளாகப் பதிந்திருந்தது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் மணல் கையோடு வந்தது. ஓரங்களில், அழுக்குப் போகவில்லை என்று முனையை நிறுத்திப் பிடித்த இடங்களில், ஜல்லியின் முதுகு வெளியே தெரிந்தது. கான்கிரீட்டின் மேற்பரப்பில் சிமென்ட் மிகுந்த மெல்லிய தோல் ஒன்று உண்டு. தளம் வழவழப்பாக இருப்பதும், தண்ணீரை எளிதில் உறிஞ்சாமல் இருப்பதும் பெரும்பாலும் அதனால்தான். அது போய்விட்டால் சொரசொரப்பான துளைகள் திறந்துகொள்கின்றன. அவற்றில் ஈரமும் மண்ணும் தங்கி, பாசி முன்னைவிட விரைவாகப் பிடிக்கிறது. சுத்தம் செய்யக் கொடுத்த பணம், அடுத்த ஆண்டு இன்னும் அதிக அழுக்குக்கு வழி செய்த கதை இது.

படிகளில் நடந்தது இதைவிட மோசம். அந்தக் கேனிலிருந்ததைப் படியில் ஊற்றியவுடன் நுரை பொங்கியது. "பாருங்கள், உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் பொங்கி வருகிறது" என்று பெருமையோடு காட்டினார்கள். பொங்கியது அழுக்கல்ல, கல். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் பட்டதும் கல் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, அதுதான் நுரை. காய்ந்த பிறகு, மெருகேறியிருந்த படிகளில் ஆசிட் வழிந்த தடமெல்லாம் மங்கிய வெள்ளைத் திட்டுகளாக நின்றன. இந்த வகைக் கற்களில் எந்த அமிலமும் படக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. வேறொரு ஆபத்தும் உண்டு: பாசியைக் கொல்லப் பொதுவாகப் பயன்படுத்தும் பிளீச், அதாவது சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல், ஆசிடோடு கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளியேறும். கேனில் இருப்பது என்ன என்று கேட்டதற்கு "கம்பெனி மருந்து" என்பதுதான் பதிலாக வந்தது. அப்படிச் சொல்பவர் அதை ஊற்றும்போது அருகில் நிற்காதீர்கள்.

நடைபாதையில் பேவர் பிளாக்குகளுக்கு இடையே இருந்த மணல் முழுவதும் அரித்துக்கொண்டு போய்விட்டது. கற்கள் அசையாமல் ஒன்றையொன்று பிடித்து நிற்பது அந்த மணலால்தான். கழுவும்போது சிறிது மணல் போவது இயல்பு. நேர்மையாக வேலை செய்பவர்கள் தரை காய்ந்த பின் வந்து, மணலைப் பரப்பிப் பெருக்கி இடைவெளிகளை நிரப்பித் தருவார்கள், அல்லது அது தனி வேலை என்று முன்கூட்டியே சொல்வார்கள். எனக்கு இரண்டும் நடக்கவில்லை. இப்போது கால் வைத்தால் சில கற்கள் ஆடுகின்றன. மரப் பெஞ்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நார் நாராகக் கிளம்பி, உட்கார்ந்தால் துணியைப் பிடித்து இழுக்கிறது.

சுவரில் இருந்த வெளிப்புற மின்விளக்கின் மீதும் பிளக் பாயின்ட்டின் மீதும் நேராகவே அடித்திருக்கிறார்கள். வெளிப்புறத்துக்கென விற்கப்படும் பல பிளக் பெட்டிகளில் ஐபி44 என்று போட்டிருக்கும். அது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான உறுதி மட்டுமே, பாயும் தாரையைத் தாங்கும் என்பதற்கானதல்ல. மின்சாரத்தை நிறுத்தி அவற்றை மூடிக் கட்டிய பிறகே அந்தப் பக்கம் துப்பாக்கி திரும்ப வேண்டும். இதில் எனக்கு அவர்கள்மேல் கோபத்தைவிட வருத்தமே அதிகம், ஏனென்றால் துப்பாக்கியைப் பிடித்திருந்த இளைஞர் காலில் செருப்புகூட இல்லாமல் ஈரத்தில் நின்றிருந்தார். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வேலைக்கு அனுப்பியவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

புகார் சொன்னபோது நிறுவனத்தார் கொடுத்த விளக்கம், "உங்கள் தளம் பழையது, ஏற்கெனவே வலுவிழந்திருந்தது" என்பது. இதே பதில் உங்களுக்கும் வரலாம் என்பதால், அதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிவிடுகிறேன். கனமான பூந்தொட்டிகளை அவர்கள் நகர்த்தாமல் சுற்றிச் சுற்றிக் கழுவியிருந்தார்கள். தொட்டியை நகர்த்தியபோது அடியில் இருந்த தளம், அழுக்கோடு இருந்தாலும், வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருந்தது. ஒரு நாணயத்தால் கீறினாலும் மணல் உதிரவில்லை. ஒரு சாண் தள்ளிக் கீறினால் உதிர்ந்தது. ஒரே நாளில் போட்ட தளம் தொட்டிக்கு அடியில் மட்டும் இளமையாக இருக்க முடியாது. இந்த ஒப்பீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பிய பிறகு, பழைய தளம் என்ற பேச்சு நின்றுவிட்டது. தொலைபேசியை எடுப்பதும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

ஆகவே வேலைக்கு ஆள் அமர்த்தும்போது எந்தப் பரப்புக்கு எந்த நாசில், எந்த மருந்து என்பதை எழுதி வாங்குங்கள். பாசி படிந்த சுவருக்கும் கல்லுக்கும் உயரழுத்தம் தேவையே இல்லை. அந்தந்தப் பரப்புக்கு ஒத்த கரைசலைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசிவிடும் முறை இருக்கிறது, அதைத் தொழிலில் ‘சாஃப்ட் வாஷ்’ என்கிறார்கள். அப்படித் தெளிப்பதற்கு முன்பு பக்கத்துச் செடிகளைத் தண்ணீரால் நன்கு நனைத்து, முடிந்த பிறகு மீண்டும் அலச வேண்டும் என்பதையும் கேட்டுப் பாருங்கள். அதற்கு உடனே பதில் சொல்பவர் வேலை தெரிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணில் அதிகம் படாத ஒரு மூலையில் சிறு பகுதியைக் கழுவச் சொல்லி, அது காய்ந்த பின் பார்த்துவிட்டு மீதி வேலைக்கு ஒப்புதல் கொடுங்கள். இதற்கு மறுப்பவரை அனுப்பிவிடலாம்.

அவர்கள் கடைசியாக முன்வைத்த தீர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தளத்துக்கு சீலர் என்ற காப்புப் பூச்சை அடித்தால் கோடுகள் மறைந்துவிடும், பாதித் தொகைக்குச் செய்து தருகிறோம் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். நிறமற்ற சீலர், அரிக்கப்பட்ட கோட்டையும் அரிக்கப்படாத இடத்தையும் அதனதன் நிறத்திலேயே பூட்டிவைக்கும். பளபளப்பான வகையாக இருந்தால் கோடுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஈரம் உள்ளே தங்கியிருக்கும் தளத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்தும் போகும். பெயர்ந்த தோலுக்கு மாற்று, தளத்தின் மேல் மெல்லிய சிமென்ட் பூச்சு ஒன்றை முறையாகப் போடுவதுதான். அதற்கு வேறொருவரிடம் மதிப்பீடு வாங்கியிருக்கிறேன், அந்தத் தொகை கழுவுவதற்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு.