இங்கிலாந்தில் வீடு வாங்க சொலிசிட்டர்: எந்த அலுவலகம் காசுக்குத் தகும்?

ஊரில் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு உறுதி முடித்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள முறை முதலில் பிடிபடாது. இங்கிலாந்தில் விலை பேசி முடித்தாலும், இரு தரப்பு சொலிசிட்டர்களும் (வீட்டு விற்பனையின் சட்ட வேலையைப் பார்க்கும் சட்டத்தரணிகள்) ஒப்பந்தம் பரிமாறும் நாள்வரை யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது. இடைப்பட்ட மாதங்களில் வீடு கைநழுவுவதற்குப் பெரிய காரணம், பதில் வராத கடிதங்கள். ஆகவே கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன், உங்கள் ஃபைலை யார் பார்ப்பார் என்று கேளுங்கள்.

எஸ்டேட் ஏஜென்ட் கைகாட்டும் பெரிய கன்வேயன்சிங் (வீடு கைமாற்றும் சட்ட வேலை) நிறுவனங்களுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. பல இடங்களில் ஏஜென்டுக்குப் பரிந்துரைக் கட்டணம் போகிறது. அதை உங்களிடம் சொல்ல வேண்டியது சொலிசிட்டரின் கடமை. அடிப்படைத் தொகை மலிவாகத் தெரியும். பிறகு லீஸ்ஹோல்டுக்கு (குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை தரும் குத்தகை வீடு) தனி, பெற்றோர் தரும் அன்பளிப்புப் பணத்துக்குத் தனி, வங்கிப் பரிமாற்றத்துக்குத் தனி, முத்திரை வரிப் படிவத்துக்குத் தனி என்று ஏறும். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் வேறொருவர் எடுத்து, கதையை முதலிலிருந்து கேட்பது. வாட் வரியும் தேடுதல் கட்டணங்களும் (வீட்டைப் பற்றிக் கவுன்சில் போன்ற இடங்களின் பதிவுகளில் தேடும் செலவு) சேர்ந்த முழுத் தொகையை எழுத்தில் வாங்காமல் எந்த மதிப்பீட்டையும் இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம்.

தெருமுனைச் சிறு அலுவலகங்கள் பெரும்பாலும் நல்ல தெரிவு. ஒரே ஆள் ஃபைலை வைத்திருப்பார், நேரில் போய்ப் பேசலாம். அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார் என்பதையும், உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் பேனலில் (அது ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியலில்) அந்த அலுவலகம் உண்டா என்பதையும் முதல் அழைப்பிலேயே உறுதிசெய்யுங்கள். பேனலில் இல்லையென்றால் வங்கி தனக்கென்று வேறு சொலிசிட்டரை வைக்கும். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். தமிழ் பேசும் சொலிசிட்டர் பெரிய வசதி, குறிப்பாக அப்பா அம்மா பணம் தருகிறார்கள் என்றால். ஆனாலும் அவரையும் இதே கேள்விகளால் அளக்க வேண்டும். சொலிசிட்டர் என்றால் எஸ்.ஆர்.ஏ. (சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேட்டிலும், வீடு கைமாற்றும் வேலைக்கு உரிமம் பெற்ற கன்வேயன்சர் என்றால் சி.எல்.சி. (அவர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் ஆட்களின் ஃபைல்கள் அதிகம் சிக்குவது பணத்தின் மூலத்தில். வைப்புப் பணம் (வீட்டு விலையில் நீங்கள் கையிலிருந்து போடும் பங்கு) எங்கிருந்து வந்தது என்று காட்டாமல் சொலிசிட்டர் ஒரு அடி நகர முடியாது. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அப்படி. சம்பளச் சேமிப்பு என்றால் வங்கி அறிக்கை போதும். சீட்டுக் காசுதான் தலையிடி. கையில் வாங்கி மொத்தமாக வங்கியில் போட்ட தொகைக்குப் பின்னால் ஒரு தாளும் இருக்காது. சீட்டுக் கட்டியதையும் எடுத்ததையும் வங்கி வழியாகவே செய்து, மாதாமாதம் போன தொகையைக் காட்ட முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அன்பளிப்பு என்றால், தருபவரின் அடையாள ஆவணம், அவருடைய வங்கி அறிக்கை, பணம் திருப்பித் தரவேண்டியதில்லை, வீட்டில் தனக்குப் பங்கும் இல்லை என்ற கையொப்பமிட்ட கடிதம் மூன்றும் வேண்டும். வீடு பார்க்கத் தொடங்கும்போதே இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

முத்திரை வரியில் பலர் கவனிக்காத ஒன்று: முதல் வீடு வாங்குபவருக்கான சலுகை, உலகில் எங்கும் ஒருபோதும் வீடு வைத்திருக்காதவருக்கு மட்டும். யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடும், தகப்பன் வழி வந்த வீட்டுப் பங்கும் கணக்கில் வரும். சேர்ந்து வாங்கும் இருவரில் ஒருவருக்கு அப்படி இருந்தாலே சலுகை போய்விடும். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதத்தில் 4,00,000 பவுண்டு வீட்டுக்குச் சலுகையோடு 5,000, சலுகை இல்லாமல் 10,000 பவுண்டு. வெளிநாட்டிலுள்ள உங்கள் வீட்டின், அல்லது அதில் உங்கள் பங்கின், மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், வசித்த வீட்டை விற்று மாறுவது போன்ற விதிவிலக்கு இல்லாத பட்சத்தில் 5 சதவீத மேலதிக வரியும் சேரும், மொத்தம் 30,000. கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் இந்த மேலதிக வரிக்கு மற்றவரின் வீடும் பார்க்கப்படும். சொலிசிட்டரிடம் இதை மறைத்தால் வரித்துறை பின்னால் உங்களைத்தான் பிடிக்கும். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கும் சொலிசிட்டர் நல்ல சொலிசிட்டர்.

சொலிசிட்டர் வீட்டை நேரில் பார்ப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. காணிப் பதிவகத்தின் வரைபடம் வந்ததும் அதிலுள்ள சிவப்பு எல்லைக் கோட்டை வேலியோடும் கார் நிறுத்துமிடத்தோடும் ஒப்பிட வேண்டியவர் நீங்கள். ஹரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் லொஃப்ட் மாற்றமும் (கூரைக்கடியிலுள்ள இடத்தை அறையாக்குவது) பின்புறக் கட்டுமானமும் நிறைய. கவுன்சிலின் கட்டட ஒழுங்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் 'படுக்கையறை' என்று விற்பார்கள். விற்பவர் தரப்பு இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும். அது காசுக்கான பாதுகாப்பு, கூரையைத் தாங்கும் இரும்புக்கு அல்ல; சர்வேயரை (கட்டடத்தைப் பரிசோதிப்பவரை) அழைத்துப் பாருங்கள். ஆனால் கவுன்சிலுக்கு நீங்களே அழைத்து விசாரித்துவிட வேண்டாம். அதன்பின் அந்தக் காப்புறுதி கிடைப்பதே சிரமம்.

ஃபிளாட் என்றால் கட்டடத்தின் நிர்வாக நிறுவனம் நிரப்பித் தரும் எல்.பி.ஈ.1 படிவம்தான் (பராமரிப்புக் கட்டணம் போன்ற விவரங்கள்) அதிகம் தாமதிக்கும். விற்பவர் அதற்குக் காசு கட்டிவிட்டாரா என்று ஏஜென்டிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். லீஸில் (குத்தகையில்) மீதமுள்ள காலம் 80 ஆண்டை நெருங்கினால், நீடிப்புச் செலவை விலையில் பேசாமல் மேலே போக வேண்டாம்.

தொடர்பை மின்னஞ்சலில் வையுங்கள், வாரம் ஒரு முறை, 'இப்போது யாரிடமிருந்து எதற்குக் காத்திருக்கிறோம்?' என்ற ஒரே கேள்வியோடு. 'எல்லாம் நடக்கிறது' என்பது பதிலல்ல.

ஒப்பந்தப் பரிமாற்றத்தின்போது வழக்கமாக விலையில் 10 சதவீதம் கட்டுவீர்கள். அதன்பின் விலகினால் அந்தப் பணம் போகும். வீட்டுக் காப்புறுதி அன்றே தொடங்க வேண்டும், சாவி வாங்கும் நாளில் அல்ல. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். முதல் கடிதத்திலுள்ள எண்ணுக்கு அழைத்து, ஒரு பவுண்டு அனுப்பி, வந்ததா என்று உறுதிசெய்தபின் மீதியை அனுப்புங்கள்.

சாவி கைக்கு வந்ததும் வேலை முடிவதில்லை. முத்திரை வரி 14 நாளுக்குள் கட்டப்பட வேண்டும். காணிப் பதிவகத்தில் சொலிசிட்டர் பிடித்துவைத்த முன்னுரிமை (வேறொருவரின் பதிவு உங்களுடையதை முந்தாதபடி) 30 வேலை நாள் மட்டுமே, அதற்குள் பதிவு விண்ணப்பம் போயாக வேண்டும். இரண்டின் சான்றையும் கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் முதலில் அலுவலகத்துக்கே எழுத்தில் முறைப்பாடு; எட்டு வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஒம்புட்ஸ்மன் (சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அமைப்பு).