மேற்குச் சுவர் இன்சுலேஷன்: முதலில் வாயுவின் பெயரைக் கேளுங்கள்

9 அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்புறம் 50 மி.மீ. இன்சுலேஷன் (வெப்பத்தடுப்புப் பலகை) ஒட்டினால், சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். தெர்மாகோல், எக்ஸ்.பி.எஸ் (பிதுக்கிச் செய்த பாலிஸ்டைரீன் நுரைப் பலகை), ராக்வுல் (பாறையை உருக்கி இழைத்த பலகை) எதை ஒட்டினாலும் இதில் பெரிய வேறுபாடில்லை. சுற்றுச்சூழலுக்கு விளையும் கேட்டில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

பலகையைத் தயாரிக்கையில் வெளியாகும் கார்பன் அளவை அட்டவணைகளில் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் போடுகிறார்கள். ராக்வுல் 1 கிலோவுக்குச் சுமார் 1.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு, தெர்மாகோலுக்குச் சுமார் 3 கிலோ. இதைப் பார்த்து ராக்வுல்தான் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுவருக்குச் சதுர மீட்டர்தான் கணக்கு. கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் 50 மி.மீ. கனத்தில் 1 கிலோதான் பிடிக்கும். மேலே பூச்சைத் தாங்க ராக்வுலுக்கு 100 கிலோ அடர்த்தி வேண்டும். அது 5 கிலோ. ஆக கார்பன் டை ஆக்சைடு தெர்மாகோலுக்கு 3 கிலோ, ராக்வுலுக்கு 6 கிலோ என்று கணக்கு தலைகீழாகிறது.

எக்ஸ்.பி.எஸ் பலகை தெர்மாகோலின் தம்பி மாதிரிதான் தெரியும். தண்ணீர் குடிக்காது, அழுத்தமும் தாங்கும். சிக்கல், உள்ளே குமிழிகள் உண்டாக அதை ஊதப் பயன்படும் வாயுவில். தெர்மாகோலை ஊதுவது பென்டேன். அதன் வெப்பமேற்றும் திறன் சொற்பம். எக்ஸ்.பி.எஸ்ஸை கார்பன் டை ஆக்சைடு கொண்டும் ஊதலாம், எச்.எஃப்.சி-134ஏ என்ற ஃபுளோரின் வாயு கொண்டும் ஊதலாம். பின்னது கார்பன் டை ஆக்சைடைப்போல 1,430 மடங்கு சூடேற்றும். சதுர மீட்டருக்கு 1.6 கிலோ பலகை; அதில் 5 சதவீதம் இந்த வாயு என்று வையுங்கள். 80 கிராம். அது முழுக்கக் கசிந்தால் 114 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்! வெட்டும்போது கொஞ்சம், ஆண்டுக்கணக்கில் கொஞ்சம், இடிக்கும்போது மிச்சம் என்று வெளியேறும்.

சுவரில் நுரையாகப் பீய்ச்சும் பாலியூரித்தேன் ஸ்ப்ரேக்கும் இதே கேள்விதான். அதை ஊதப் பயன்பட்ட, ஓசோனை அரிக்கும் எச்.சி.எஃப்.சி-141பி-யை இந்தியா 2020 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. மாற்றாக எச்.எஃப்.சி-245எஃப்ஏ இருந்தால் சுமார் 1,000 மடங்கு, எச்.எஃப்.ஓ என்ற புதுவகை வாயு இருந்தால் ஒற்றை இலக்க மடங்குதான். வாயுவின் பெயரை எழுத்தில் தராத கடையில் வாங்காதீர்கள்.

எனவே தனி வீட்டுக்குத் தெர்மாகோல் போதும், ஒழுங்காக ஒட்டினால். சதுர மீட்டருக்கு 6 ஆங்கர் (பலகையைச் சுவரோடு பிணைக்கும் ஆணி), மேலே ஃபைபர் வலை, வலையின் விளிம்புகள் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் வெள்ளை மணிகள் காற்றில் பறந்து சாக்கடைக்குப் போய்ச்சேரும். சூடான கம்பியால் வெட்டச் சொல்லுங்கள். பலகையைப் பூசாமல் வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் மேற்பரப்பு மஞ்சளாகும், கையால் தேய்த்தால் மாவாக உதிரும். அந்த மாவின்மேல் பூச்சு பிடிக்காமல் கழன்று வரும். பூசும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். தரையிலிருந்து 30 செ.மீ. விட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் மழைச் சாரலும் கரையானும் பார்த்துக்கொள்ளும்.

அடுக்குமாடி என்றால் கார்பன் கூடினாலும் ராக்வுல்தான். தெர்மாகோல் தீயில் உருகி வழியும்; ராக்வுல் எரியாது. ஆனால் நனைந்த ராக்வுல் வேலை செய்யாது, மழைக்காலத்தில் ஒட்ட வேண்டாம்.

புதுச் சுவர் என்றால் பலகையே இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவே காற்றிடைவெளி விடுவார்கள். செங்கல்லில் சுமார் கால் பங்கு மிச்சம். ஜன்னல் ஓரங்களிலும் மூலைகளிலும் மட்டும் இடைவெளியை அடைத்துக் கட்டச் சொல்லுங்கள்.