விற்ற பொருளால் காயம் என்று நோட்டீஸ் வந்தால்: பணம் கொடுப்பதா, கைகழுவுவதா, பதில் எழுதுவதா?

செங்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எங்களுக்கு வாடிக்கையாளர்களில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள ஆட்கள். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை. அப்படி வாங்கிப்போன குக்கர் ஒன்றின் மூடி தெறித்து, ஒரு அம்மாவுக்குக் கையிலும் கழுத்திலும் வெந்துவிட்டது. பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடைத்தெருவில் கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் சுருக்கினால் மூன்று வழிதான். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

முதல் வழி, பேசி உடனே பணம் கொடுத்து முடித்துவிடுவது. சின்னக் காயம், தெரிந்த முகம் என்றால் இதில் தவறில்லை. ஆனால் புதுக் குக்கர் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளால் வரும் காயத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் பிரிவுகள் பேசுவது உடம்புக்கும் மனதுக்கும் மற்ற உடைமைக்கும் வந்த சேதத்தைப் பற்றி. கெட்டுப்போன பொருளுக்கு மாற்று கொடுப்பது வேறு விஷயம். இன்னொன்று, பணத்தைக் கொடுத்துவிட்டு உடைந்த குக்கரை வாங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால், நாளைக்குக் கம்பெனியிடம் காட்ட எதுவும் இருக்காது.

இரண்டாவது வழி, "கம்பெனியைப் போய்க் கேளுங்க" என்று கைகழுவுவது, அல்லது பேசாமல் இருந்துவிடுவது. "கேரளாக்காரர் இங்கே வந்தா கேஸ் போடப் போறார்?" என்பது எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கும் வாதம். அது பழைய கதை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டப்படி, புகார் செய்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். புனலூர்க்காரர் போட்டால் நாம்தான் கொல்லத்துக்குப் போக வேண்டும். வழக்குக் கட்டணம் பொருளின் விலையை வைத்துத்தான், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆக இழப்பீடு எவ்வளவு கேட்டாலும் ஒரு குக்கருக்கு அவர் கைக்காசு கட்ட வேண்டியதில்லை. புகார் நகலோடு ஆணையத்தின் நோட்டீஸ் வந்தபின் பதிலுக்கு 30 நாள், கேட்டால் அதிகபட்சம் இன்னும் 15. இந்த 45 நாளைத் தாண்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வே 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அதன்பின் நம் தரப்பு எழுத்தில் இல்லாமலே தீர்ப்பு வரும். மேல்முறையீட்டுக்குப் போக, உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். பேசாமல் இருப்பதுதான் மூன்றிலும் செலவு அதிகமான வழி.

மூன்றாவது: எழுத்தில் பதில் கொடுத்து, கம்பெனியை உள்ளே இழுத்து, பொருளைப் பத்திரப்படுத்துவது. இது நிற்குமா விழுமா என்பது ஒரே விஷயத்தில் இருக்கிறது. அந்தச் சரக்கை வாங்கிய பில் நம்மிடம் இருக்கிறதா?

காரணம் அதே சட்டத்தின் 86-ஆவது பிரிவு. தயாரிக்காமல் விற்க மட்டும் செய்பவர் எப்போது பொறுப்பாளி என்று அது சொல்கிறது. நம்மைப் போன்றவர்களை அதிகம் பிடிப்பது இது: தயாரித்தவர் யார் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை என்றால் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். மொத்தக் கடையில் "பில் போட்டா ஒரு விலை, போடலேன்னா ஒரு விலை" என்பார்களே, அங்கே மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு நாம் விற்பது இந்தப் பாதுகாப்பை. முகவரி இல்லாத பெட்டி, துண்டுச் சிட்டையில் வெறும் "குக்கர் 5 லி - 6" என்று எழுதிய கணக்கு, இரண்டும் பில் இல்லாததற்குச் சமம்தான். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாத சரக்கை விற்றிருந்தால் இந்த மூன்றாவது வழியில் வாதாடுவது கஷ்டம்.

எங்களிடம் வரி எண்ணோடு கொள்முதல் பில்லும், மாடல் எழுதிய விற்பனை பில்லும் இருந்தன. பதில் கடிதத்தோடு இரண்டின் நகலையும் வைத்து, கம்பெனியின் முழு முகவரியைக் கொடுத்தோம். அதே நாளில் கம்பெனிக்கும் பதிவுத் தபால். அந்த அம்மாவின் வீட்டுக்காரரிடம், குக்கரைக் கழுவ வேண்டாம், வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்ற வேண்டாம், அப்படியே படம் எடுத்துக் கட்டி வையுங்கள் என்றோம். "அண்ணாச்சி, கேஸ் நடத்தணும்னு ஆசையில்ல, ஆஸ்பத்திரிச் செலவு வந்தாப் போதும்" என்றார். மருந்துச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். பொறுப்பை ஒப்புக்கொண்டு அல்ல, உதவியாக என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். வெந்த கையோடு இருப்பவரிடம் கடிதத்தை மட்டும் நீட்ட மனசு வரவில்லை. கம்பெனி ஆள் வந்து அவர்கள் வீட்டிலேயே, எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்த்தார். ஆவிக்குழாய் அடைக்காமல் சுத்தமாக இருந்தது, மூடியின் விளிம்பில் விரிசல். கம்பெனியே இழப்பீடு கொடுத்து எழுத்தில் முடித்தது.

பில் இருந்தும் நாம் மாட்டக்கூடிய இடங்கள் உண்டு. சர்வீசுக்கு வந்த குக்கரில் லோக்கல் சேஃப்டி வால்வு போட்டுக் கொடுத்து, காயத்துக்கு அதுவே முக்கியக் காரணமானால், பொருளை மாற்றியவர் நாம். "பத்து வருஷத்துக்கு நான் கேரண்டி" என்று கடை வாக்குறுதி கொடுத்தால் அது கம்பெனி உத்தரவாதத்துக்கு மேல் தனிக் கணக்கு. பெட்டியைப் பிரித்துக் காட்டும்போது விளக்கத் தாள் மேசையிலேயே தங்கிவிடும், அதையும் கவனிக்க வேண்டும். எச்சரிக்கையைச் சேர்ப்பிக்காததால்தான் காயம் என்றால் பொறுப்பு விற்றவருக்கே. வாங்கியவர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் 87-ஆவது பிரிவு நமக்குத் துணை. ஆனால் அதை முதல் கடிதத்திலேயே குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், சோதனைக்குப் பிறகு பேசலாம்.

எங்களுடையது ஆணையம் வரை போகவில்லை என்பதால் விசாரணை பற்றி அனுபவத்தில் சொல்ல முடியாது. சட்டத்தில் சமரசத்துக்கு அனுப்பவும், காணொலியில் கேட்கவும், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் இடம் இருக்கிறது. உணவு, மருந்து விற்பவர்களுக்கு வேறு சட்டங்களும் சேரும், அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காயம் பெரிதாகி போலீஸ் புகார் ஆகிவிட்டால் நாமே கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, பில்களோடு அன்றே ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.