ஒரே ஆள், மூன்று ரெஸ்யூம்: பெங்களூரில் எது எடுபடும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகன் ஓசூரிலிருந்து அல்சூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். பொம்மசந்திரா வரை பஸ். அங்கிருந்து மெட்ரோவில் மஞ்சள், பச்சை, ஊதா என்று தடம் மாறி வந்து சேர்ந்தவன், உட்கார்ந்ததுமே பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினான். "அக்கா, இந்த ரெண்டுல எது நல்லாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ஆட்டோ உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின், ஓட்டினான். அப்புறம் வேறொரு இடத்தில் ஒரு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். இப்போது பெங்களூரில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை தேடுகிறான். நாற்பது இடத்துக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை. ஆள் எடுக்கும் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் இருப்பவள் நான். அந்தத் தாள்களைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. மாலைக்குள் மூன்றாவதாக ஒன்று எழுதினோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

பிரவுசிங் சென்டர் பயோடேட்டா

ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது இதுதான். மேலே "கரியர் அப்ஜெக்டிவ்", நடுவில் கட்டம் போட்டுப் படிப்பு, கீழே அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு, கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று ஒரு கையெழுத்து. கல்யாணத்துக்குக் கொடுக்கும் ஜாதகக் குறிப்பும் அரசாங்க விண்ணப்பமும் கலந்த வடிவம் இது. தனியார் கம்பெனியில் ஆள் எடுப்பவருக்கு உங்கள் மதமும் திருமண நிலையும் வேண்டாம். கேட்பது முறையும் இல்லை. அந்த உறுதிமொழிக்கும் வேலையில்லை, சரிபார்ப்பு எல்லாம் தனியாக நடக்கும்.

இருந்தாலும் இந்தத் தாளை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். வேர்டில் மேலிருந்து கீழாக நேராக டைப் செய்தது, போன் நம்பர் பளிச்சென்று இருக்கிறது. அடுத்ததைப் பார்க்கும்போது இந்த எளிமையின் அருமை தெரியும்.

கேன்வா டிசைன்

இரண்டாவது தாள் பார்க்க அழகு. இடது பக்கம் நீலப் பட்டை, அதில் வட்டமாகப் போட்டோ, திறமைக்கு ஐந்து நட்சத்திரம், மொழிக்குச் சதவீதக் கோடு. நண்பன் கேன்வா என்ற டிசைன் ஆப்பில் போனிலேயே செய்து கொடுத்ததாம்.

பெரிய கம்பெனிகள் விண்ணப்பம் வாங்குவது ஏடிஎஸ் என்ற மென்பொருள் வழியாக. அது ரெஸ்யூமைத் திறந்து பெயர், போன், கம்பெனி, தேதி, திறமை என்று பிரித்துத் தனித்தனிக் கட்டத்தில் போட்டுக்கொள்ளும். நாங்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். "மைக்ரோமீட்டர்" என்ற அளவுக் கருவியின் பெயரைத் தேடினால் அந்தச் சொல் உள்ளவர்கள் மட்டும் திரையில் வருவார்கள். மெஷின் நம்மைக் குப்பையில் போட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. உங்கள் விண்ணப்பம் உள்ளேயே இருக்கும், தேடும்போது அகப்படாது, அவ்வளவுதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக இருந்தால் சில மென்பொருள் இடதையும் வலதையும் சேர்த்து ஒரே வரியாகப் படித்துவிடும். நட்சத்திரம் படமாகப் போய்விடும், அதில் எந்தச் சொல்லும் கிடைக்காது.

உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அவன் தாளை ஒட்டியபோது, தொழிற்சாலைப் பெயருக்கு நடுவில் "தமிழ், கன்னடம்" என்று வந்து நின்றது. போன் நம்பர் வரவே இல்லை. நாற்பது இடத்துக்கும் இப்படித்தான் போயிருக்கும் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கிராஃபிக் டிசைன் மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வடிவம் பொருந்தும், அவர்களுக்கு அந்தத் தாளே ஒரு வேலை மாதிரி. குவாலிட்டி இன்ஸ்பெக்டருக்கு வேண்டாம்.

ஒரே வேலை, மூன்று வரி

வடிவத்தை விட எனக்கு முக்கியம் இது. மூன்று வருட லேத் அனுபவம் ஒவ்வொரு தாளிலும் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

பயோடேட்டாவில்: "சிஎன்சி ஆபரேட்டர், 3 வருடம்."

கேன்வாவில்: "கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படுபவர். தரத்தில் ஆர்வம் மிக்கவர்."

நாங்கள் எழுதியதில்: "ஃபானுக் கன்ட்ரோல் உள்ள இரண்டு சிஎன்சி லேத்களில் ஷாஃப்ட் டர்னிங். முதல் பீஸ் சரிபார்ப்பு. மைக்ரோமீட்டர், வெர்னியர், ஹைட் கேஜ் அளவீடு. வெளிவிட்டம் கூடி ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்கு இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்மானமே காரணம் என்று கண்டு, 250 பீஸுக்கு ஒருமுறை மாற்றியதை 200க்கு ஒருமுறை ஆக்கியதில், மாதம் 60 வரை போன ரிஜெக்‌ஷன் 20க்குள் வந்தது."

முதல் வரி பொய்யில்லை, ஆனால் ஆளைக் காட்டவில்லை. இரண்டாவதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மூன்றாவதைப் படிக்கிற குவாலிட்டி மேனேஜர் நிச்சயம் போனை எடுப்பார்.

இத்தனையும் அவனுக்குள் இருந்தது, எழுதத்தான் தெரியவில்லை. "ஷிஃப்டுக்குள்ள போனதிலிருந்து வெளிய வர்ற வரைக்கும் என்னடா பண்ணுவ?" என்று கேட்டேன். அரை மணி நேரம் தமிழில் பேசினான். அவன் சொன்னபடியே எழுதி, பிறகு ஆங்கிலமாக்கினோம். நம் பிள்ளைகள் எடுத்தவுடன் ஆங்கிலத்தில் எழுத உட்காருவதால், கைக்குத் தெரிந்த வேலையை விட்டுவிட்டு எங்கோ படித்த வாக்கியத்தைப் போட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்து எழுதி வாங்குவதிலும் ஏஐ எழுதிக் கொடுப்பதிலும் எனக்குள்ள பயம் இதுதான். இலக்கணம் திருத்த ஏஐ நன்றாகவே உதவும். வேலையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்டர்வியூவில் கேட்டால் விளக்க முடியாத ஒரு எண்ணும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது.

இடைவெளியை மறைப்பதா, சொல்வதா

இரண்டு வேலைக்கும் நடுவில் ஐந்து மாதம் காலி. அப்பாவுக்கு ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்கொண்டான். தேதிகளை விட்டுவிட்டுத் திறமைகளை மட்டும் வரிசைப்படுத்தும் ஒரு வடிவம் உண்டு. அதைப் போடலாமா என்று கேட்டான். துறையே மாறுகிறவர்களுக்கு அது கொஞ்சம் உதவலாம். மற்றபடி தேதியில்லாத ரெஸ்யூமைப் பார்த்தாலே எங்களுக்குச் சந்தேகம் வரும். இருப்பதில் புதிய வேலை மேலே, பழையது கீழே, மாதமும் வருடமும் சேர்த்து எழுதுவதே நல்லது. இடைவெளிக்கு "குடும்பத்தில் மருத்துவக் காரணம்" என்று ஒரு வரி போதும்.

போலி அனுபவச் சான்றிதழ் விற்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவனிடமும் ஒருவர் பேசியிருக்கிறார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 2014லிருந்து பிஎஃப்புக்கு யுஏஎன் என்ற ஒரே எண் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எந்த மாதம் இருந்தோம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு மாட்டி வெளியேறியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனிஷியல் சங்கதி

இது நமக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். விண்ணப்பத்தில் "லாஸ்ட் நேம்" கேட்டால் ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் அப்பா பெயர் என்று போட்டு, ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறான். ஆதாரிலும் பானிலும் உள்ள விரிந்த பெயரையே ரெஸ்யூம், நௌக்ரி, லிங்க்ட்இன் மாதிரி வேலைத் தளங்கள், மெயில் ஐடி என எல்லா இடத்திலும் போடச் சொன்னேன். மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியலை விளக்குவது சுலபம்.

பக்கக் கணக்கில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் தாராளம், பத்து வருடம் தாண்டியவர்கள் இரண்டு பக்கம் எழுதலாம். பிடிஎஃப்பா வேர்டா என்றால், கேட்டதைக் கொடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் பிடிஎஃப்.

பீன்யாவுக்கு ஒன்று, ஒயிட்ஃபீல்டுக்கு ஒன்று

ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு விண்ணப்பம் இணையம் வழியாகத்தான் போகும். அங்கே விளம்பரத்தில் உள்ள சொல் உங்கள் தாளிலும் இருக்க வேண்டும். அவர்கள் "சிஎம்எம்" (பீஸின் அளவைத் துல்லியமாகச் சரிபார்க்கும் மெஷின்) என்று கேட்டு, நீங்கள் அதை இயக்கியிருந்தால், அதே சொல்லால் எழுதுங்கள். பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள சின்ன யூனிட் என்றால் முதலாளியோ சூப்பர்வைசரோ வாட்ஸ்அப்பில் போன் திரையிலேயே பார்ப்பார். அவருக்கு முதல் ஐந்து வரிக்குள் எந்த மெஷின், என்ன அளவுக் கருவி, இப்போதைய வேலையை விட்டு வர நோட்டீஸ் எத்தனை நாள், எங்கே தங்கியிருக்கிறாய் என்பது தெரிய வேண்டும். ஓசூர் முகவரியைப் பார்த்ததும் "வருவானா" என்று யோசிப்பார்கள் என்பதால், "பெங்களூருக்கு இடம் மாறத் தயார், நோட்டீஸ் 30 நாள்" என்பதைப் பெயருக்கு அடியிலேயே போட்டோம். தமிழோடு கன்னடமும் பேசுவான், அதையும் அங்கேயே எழுதினோம். ஷாப் ஃப்ளோரில் அதற்கு மதிப்பு உண்டு.

ராத்திரி சாப்பிட்டுக் கிளம்பும்போது அவன் போனில் இரண்டு ஃபைல் இருந்தது. "நியூ ரெஸ்யூம் ஃபைனல்" என்ற பெயரை அழித்துவிட்டு, தன் பெயரும் "குவாலிட்டி இன்ஸ்பெக்டர்" என்பதும் வரும்படி மாற்றி வைத்திருந்தான். பஸ்ஸில் போய்க்கொண்டே பீன்யாவில் மூன்று இடத்துக்கு அனுப்பிவிட்டதாக ஓசூர் சேர்ந்ததும் மெசேஜ் போட்டான்.