ஐந்து ரோட்டு 'நரம்பு' டாக்டர்: நாலு ஸ்டார்

கிளினிக் பெயரைப் போடமாட்டேன். போட்டால் யார் வீட்டுப் பையன் என்று செவ்வாய்ப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம், மாடியில். போர்டில் 'நரம்பு' பெரிய எழுத்து, 'மனநலம்' பொடி எழுத்து. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் எல்லாருமே நரம்புக்குத்தான் வந்திருப்பார்கள்.

தம்பி கொலுசுப் பட்டறையில் என்னோடு வேலை செய்கிறான். செத்துப்போன ஆயா காதில் பேசுவதாகச் சொன்னான். "குளிச்சியா, சலங்கை வெச்சு முடிச்சியா" என்று ராத்திரியெல்லாம் கேட்கிறதாம். பெரியம்மா காத்து கருப்பு என்றார். தாயத்து கட்டியாச்சு, குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கலாமா என்றும் பேச்சு.

டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்ல இதை என்னன்னு சொல்றாங்க?" தாயத்தைக் கழற்றச் சொல்லவில்லை. "அதுவும் இருக்கட்டும், மாத்திரையும் போடட்டும்" என்றார். மார்க் எல்லாம் இதற்குத்தான். முன்னால் போன இடத்தில் பெரியம்மாவைக் கிண்டலடித்தார்கள். அன்றிலிருந்து அவர் மாத்திரைக்கே எதிரி.

ஆயா வேலை ஏவுவது டாக்டருக்குப் புதுசில்லை. டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். கலிபோர்னியா, கானாவின் அக்ரா, நம்ம சென்னை, ஒவ்வொரு ஊரிலும் குரல் கேட்கும் 20 பேரிடம் பேசியிருக்கிறார்கள். சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல், வீட்டு வேலை சொல்கிற குரலும் உண்டு. அமெரிக்கர்களுக்குத்தான் அடி, வெட்டு என்ற பேச்சு அதிகம். "ஆயாவா இருந்தாலும் தூங்க விடணுமில்ல?" என்று சீட்டு எழுதினார்.

குறையும் உண்டு. குரலை அடக்க அவர் எழுதிய ரிஸ்பெரிடோன் மாத்திரையால் கை நடுங்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாமணத்தில் பிடித்த சலங்கை நழுவி நழுவி விழுந்தது. பெரியம்மா விடுவாரா? "சாமி வருதுடா, மாத்திரை அதுக்கு ஆகலை!" அடுத்த முறை டாக்டர் தம்பியைப் பேப்பரில் சுருள் வரையச் சொல்லிப் பார்த்துவிட்டு அளவைக் குறைத்தார். நடுக்கம் அடங்கியது. பெரியம்மா பாதி அடங்கினார்.

சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டம். ஃபீஸ் 500. கட்டுப்படியாகாதவர்களுக்கு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒரு ஸ்டார் குறைத்தது கீழே மெடிக்கலில் இருக்கும் பையனுக்காக. "மெண்டல் டாக்டர் சீட்டா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறான். மாத்திரையை வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.